டெக்கன் சலிச்சுப்போச்சுன்னு சொல்ற தம்பிமாருக்கு

போன வாரம் பாளையங்கோட்டையில கூட்டாளி வீட்டு மாடியில ஒரு காலேஜ் பையன் டெக்கன் 8ங்கிற சண்டை வீடியோ கேம வெளாடிட்டிருந்தான். வரிசையா ஏழு மேட்ச் தோல்வி, மூஞ்சி செத்துப்போயி கெடக்கு, கை மட்டும் அடுத்த மேட்ச அமுக்கிக்கிட்டே இருக்கு. "கையவிட்டுப் போன ரேங்க எடுத்துட்டு எந்திரிச்சிருதேண்ணே"ன்னான். ரேங்க்னா ஜெயிச்சா ஏறும், தோத்தா எறங்கும். நானும் ஒரு காலத்துல இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், அதான் சலிச்சுப்போனவங்க பண்ற தப்பு நாலையும் எழுதுதேன். நேரத்துக்குச் சாப்புடு, தூங்குன்னு ஒங்க அம்மாவே சொல்லுவாவ, அதுக்கு நான் வேண்டாம்.

போன ரேங்க அன்னைக்கு ராத்திரியே எடுக்கப் பாக்குறது

இத நெனச்சா இன்னைக்கும் எனக்கு எரிச்சலா வருது. 2018ல டெக்கன் 7, நான் எடுத்து ஆடுன கேரக்டர் பிரையன். ஃபூஜின்ங்கிற ரேங்க்ல இருந்து கீழ எறங்கிட்டேன், மணி பன்னெண்டு, விடியறதுக்குள்ள திரும்ப ஏறிரணும்னு ஒக்காந்தவன் நாலு மணி வரைக்கும் எந்திரிக்கல, இன்னும் ரெண்டு ரேங்க் போச்சு. மறுநாள் ரீப்ளேயப் போட்டுப் பாத்தா ரவுண்டுக்கு மூணு தடவ ஸ்னேக் எட்ஜ், பிரையன் கீழ காலப் பாத்து விடுற உதை. அந்த உதை வந்து சேர கிட்டத்தட்ட அரை செகண்ட் ஆவும், அந்த ரேங்க்ல கண்ணால பாத்தே குனிஞ்சு தடுத்துருவான், தடுத்தா லாஞ்ச், அதாவது நம்மள மேல தூக்கிப்போட்டு அடிப்பான், ஹெல்த்துல பாதிக்குப் பக்கம் காலி. தெரியாத விஷயமா? ட்ரெயினிங் மோட்ல நானே பாத்து எழுதி வச்சது. மூளை களைச்சிட்டா கை பழகுனதத்தான் செய்யும், விடிய விடிய நான் பழகுனதே அந்தத் தப்பத்தான். இப்படியே ரெண்டு மாசம். கடைசில டெக்கன் ஐகானப் பாத்தாலே வயித்தப் பெரட்டும், தென்காசியில மாமா மவ கல்யாணத்துல பந்தியில இருக்கும்போதும் போன பாயிண்ட்தான் மண்டைக்குள்ள ஓடுச்சு.

எனக்கு வழிக்கு வந்தது இதுதான்: வரிசையா மூணு தோத்தா ரேங்க்டு, அதாவது ரேங்க்குக்காக ஆடுற மேட்ச், அன்னைக்கு முடிஞ்சுது. ஆசை அடங்கலன்னா தோத்த ரீப்ளே ஒண்ணே ஒண்ணு. டெக்கன் 8ல ரீப்ளே நடுவுலயே கன்ட்ரோல நம்ம கையில எடுத்து அந்த எடத்துல வேற என்ன பண்ணிருக்கலாம்னு அடிச்சுப் பாக்கலாம், பாயிண்ட் போவாது, நெஞ்சு படபடக்காது.

ஸ்டிக்க (கேம் ஆடுற கன்ட்ரோலர) விக்கிறது

விக்காதீங்க. பரண்ல போடுங்க.

கேரக்டர் மாத்துனா சலிப்பு போயிரும்னு நெனைக்கிறது

போவாது.

தனியாவே கெடந்து ஆடுறது

2019ல லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ்ங்கிற டெக்கன் ஆட்டக்காரர் ஈவோ ஜப்பான், லாஸ் வேகாஸ் ஈவோன்னு ரெண்டு பெரிய சண்டை கேம் போட்டியையும் ஒரே வருஷத்துல அடிச்சாரு. அதப் பாத்துட்டு பயலுவ கதவச் சாத்திக்கிட்டு பன்னெண்டு மணி நேரம் ஆடுதானுவ. அவரு வளந்தது பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து ஆடுற ஊர்ல, எங்க ஊர்ல இருக்குறவங்களே பெரிய ஆளுங்கன்னு ஜெயிச்சதும் அவரே சொன்னாரு. ஒரே சோபாவுல ஒருத்தன் ஒங்களத் தோக்கடிச்சா "எப்படிலே பண்ணுன?"ன்னு கேக்கலாம், அவனும் சொல்லித்தருவான், அதுக்குள்ள டீ வந்துரும்.

அந்தப் பையன ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வரச் சொல்லிருக்கேன். ரேங்க்டு கெடையாது, அஞ்சு ஜெயிக்கிற வரைக்கும் ஒரு செட்டு, அப்புறம் குறுக்குத்துறையில குளிக்கப் போறோம்.