தெளித்த கிளேஸ் மண்பாண்டங்கள்: வாங்குவதிலும் புழங்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழுப்பு உடம்பின் மேல் பச்சையும் தேன் நிறமும் தெளித்து வழியவிட்ட மண் கிண்ணம் ஒன்றைப் பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கத்து வீடுகளில் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. கண்காட்சியில் வாங்கியதாகவோ வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாகவோ இருக்கும் அதில், அழகாக இருக்கிறதே என்று எலுமிச்சை ஊறுகாயைப் போட்டு வைத்துவிடுகிறார்கள். எது கிளேஸ், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேளாமல் புளிப்பை ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

கிளேஸ் என்பது சாயம் அன்று. களிமண்ணின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். கிராமத்து விறகுச் சூளையில் அவ்வளவு சூடு ஏறாது என்பதால், அதைக் குறைந்த சூட்டிலேயே உருகச் செய்யும் பொருளாகப் பல நாடுகளில் காரீயம் சேர்க்கப்பட்டது. சீனாவின் தாங் அரசர் காலத்து (618–907) மூவண்ணக் கலங்களும், பாரசீகத்து நிஷாப்பூரின் தெளிப்பு வேலைப்பாட்டுக் கிண்ணங்களும் இவ்வாறு காரீயக் கிளேஸில் உருவானவையே. பச்சைக்குச் செம்பும் தேன் நிறத்துக்கு இரும்பும் சேர்த்தார்கள். சூளையில் சரியாக வேகாத காரீயக் கிளேஸிலிருந்தும், செம்பு கலந்த பச்சைப் பகுதியிலிருந்தும், புளி, எலுமிச்சை, தக்காளி, புளித்த மோர் ஆகியவை காரீயத்தை எளிதில் கரைத்து உணவுக்குள் இழுத்துக்கொள்ளும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது.

இதைச் சொல்லும்போதெல்லாம், “ஈயச் சொம்பில் ரசம் வைத்துத்தானே வளர்ந்தோம்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் ரசத்துக்குரிய சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, கிளேஸில் சேர்வதோ காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள் என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

சந்தேகம் வந்தபின் கிண்ணத்தில் வினிகரை ஊற்றிக் கொதிக்கவைத்து, “சுத்தமாகிவிட்டது” என்று முடிவு கட்டுவதும் தவறு. உள்ளே இருக்கும் காரீயத்தை அப்படி வெளியேற்றிவிட முடியாது. மாறாக, கிளேஸின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு முன்னிலும் மோசமாகலாம். நாக்கில் வைத்துப் பார்த்தும் தெரியாது. 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் நிரப்பி வைத்து, அதில் எவ்வளவு காரீயம் இறங்கியிருக்கிறது என்று ஆய்வகத்தில் அளப்பதே நம்பத்தக்க முறை.

அதற்காக, வழிந்த கிளேஸைக் கண்டாலே அஞ்சி ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஜப்பானின் ஓஇத்தா மாகாணத்தில், 1705-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஓந்தா என்னும் மலைக் கிராமத்தின் பாண்டங்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஓடை நீர் நிரம்பி வழியும்போது தானாக ஏறி இறங்கும் மர உலக்கைகளால் களிமண்ணை இடித்து, மரச்சாம்பலும் வைக்கோல் சாம்பலும் கலந்த கிளேஸை அகப்பையால் எடுத்து வீசியும் வழியவிட்டும், மலைச்சரிவில் ஏறும் சூளையில் சுடுகிறார்கள். 1200 டிகிரிக்கு மேல் வேகும் இத்தகைய சாம்பல் கிளேஸுக்குக் காரீயம் தேவைப்படுவதில்லை. 1995-இல் அந்நாட்டு அரசு இக்கலையை முக்கிய அருவப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. இத்தகைய கிண்ணத்தில் ஒரு பக்கம் கிளேஸ் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பதைக் குறையென்று கருதித் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீசிய கையின் வேகம் அங்கே உறைந்திருக்கிறது. இரண்டு கிண்ணங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

எனாமல் பெயின்ட் அடித்த பானையைக் கிளேஸ் என்று நினைத்து வாங்குவது நம் பகுதியில் சாதாரணமாக நடக்கிறது. கொசப்பேட்டையில் பொம்மைக்கும் சிலைக்கும் பூசும் வர்ணம் பார்வைக்கானது, உணவுக்கானது அன்று. அடிப்பக்கத்தில் ஓர் ஓரத்தைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் உரியும், கண்ணாடியாகிய கிளேஸ் உரியாது.

மேற்பரப்பில் சிலந்தி வலைபோல் நுண்விரிசல் ஓடிய ஜாடியில் உப்பு ஊறுகாய் போடாதீர்கள். சூளையில் குளிரும்போது கிளேஸும் மண்ணும் வேறுவேறு அளவில் சுருங்குவதால் உண்டாகும் விரிசல் அது. குறைந்த சூட்டில் வெந்த உடம்பானால், அதன் வழியே உப்புநீர் மண்ணுக்குள் இறங்கி, வெளியே உப்புப் பூத்து, நாளடைவில் கிளேஸையே செதில் செதிலாகப் பெயர்த்துத் தள்ளிவிடும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கும் குழம்பை ஊற்றுவதும், நேரடியாக அடுப்பில் ஏற்றுவதும் கூடாது. நம் போர் தண்ணீரால் படியும் வெள்ளைக் கறையைப் போக்கக் கழிவறை ஆசிட் ஊற்றாதீர்கள். கழுவியபின் கிளேஸ் படாத அடிவளையம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சென்னைப் புழுக்கத்தில் அது எளிதில் காயாது என்பதால், ஓர் இரவு முழுவதும் கவிழ்த்து உலரவிட்ட பிறகே அலமாரியில் அடுக்க வேண்டும்.

கிளேஸ் எத்தகையது என்று உறுதியாகத் தெரியாத பழைய கிண்ணத்தை உடைத்தெறிய வேண்டாம். தோலுரிக்காத வெங்காயமோ பூட்டுச் சாவியோ போட்டு வைக்கலாம்; பிறகு யாரேனும் எடுத்துத் தயிர் தோய்க்காதபடி அடியில் ஒரு குறி இட்டுவிடுங்கள்.