கட்சி மேலயும் தலைவர் மேலயும் மக்கள் மனசு மாறுதான்னு எப்படி பாக்கறது

ரிசல்ட் வந்த அன்னிக்கு எல்லா டிவிலயும் "மக்கள் மனசு மாறிடுச்சு"ன்னு ஒரே பேச்சா இருக்கும், ஆனா எப்ப மாறிச்சு, யாருக்கு மாறிச்சு, கட்சி மேல மாறிச்சா தலைவர் மேல மாறிச்சான்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் சரியான பதில் இருக்காது. காசு வாங்கிட்டு போட்டாங்க, அலை அடிச்சுது, இவ்ளோதான் விளக்கம். ஓட்டு போடுறவங்களுக்கு யோசிக்கவே தெரியாதுங்கற மாதிரி பேசுறத கேட்டா எனக்கு ரொம்ப கோவம் வரும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கு, அத பொறுமையா கேட்டா தெரியும். சர்வே எடுக்கப்போறவங்க, இல்ல வர்ற சர்வேய ஒழுங்கா படிக்கணும்னு நினைக்கிறவங்க, ரெண்டு பேருக்கும்தான் இத எழுதறேன்.

முதல்ல சீட் எண்ணிக்கைய வச்சு மனச அளக்கறத விட்ருங்க. 2019ல பிஜேபிக்கு 37.4% ஓட்டு, 303 சீட். 2024ல 36.6% ஓட்டு, 240 சீட். ஓட்டு ஒரு சதவீதம் கூட குறையல, சீட் 63 போயிடுச்சு. அதவிட ஆச்சரியம் காங்கிரஸ், 1999ல 28.3% வாங்கி 114 சீட், 2004ல 26.5%க்கு இறங்கி 145 சீட் வாங்கி ஆட்சிக்கே வந்துச்சு. கூட்டணி, எதிர் ஓட்டு எப்படி பிரியுது, ஓட்டு எந்த ஊர்ல கூடி எந்த ஊர்ல குறையுதுங்கறது எல்லாம் சேந்துதான் சீட்டு, அதனால சீட்டு சரிஞ்சா மக்கள் வெறுத்துட்டாங்க, ஏறினா மக்கள் கொண்டாடுறாங்கன்னு எழுதிடாதீங்க.

அடுத்தது, கட்சிய பத்தி ஒரு கேள்வி, தலைவர பத்தி ஒரு கேள்வி, யாருக்கு ஓட்டுன்னு ஒரு கேள்வி, மூணையும் தனித்தனியா கேளுங்க. இது மூணும் ஒண்ணா நகரும்னு நாமளா நினைச்சுக்கறோம், நகராது. கட்சிய பிடிக்கும் தலைவர பிடிக்காதுன்னு ஒரு கூட்டம் எப்பவும் இருக்கும், தலைவர பிடிக்கும் ஆனா அந்த கட்சி ஆளுங்கள பிடிக்காதுன்னு இன்னொரு கூட்டம். 0லருந்து 10க்குள்ள மார்க் போட சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை அதே வரிசை. ஊழல் பத்தி நாலு கேள்வி கேட்டுட்டு அஞ்சாவதா தலைவர் எப்படின்னு கேட்டா மார்க் இறங்கத்தான் செய்யும், அது நீங்க இறக்கினது.

மார்க்கோட நிறுத்தாதீங்க. எது உடைஞ்சுதுன்னு கேக்கணும், என்ன பொறுத்தவரைக்கும் இதுலதான் விஷயமே இருக்கு. ஒரு தலைவர மக்கள் பாக்கறப்ப, இவருக்கு வேலை தெரியுமா, சொன்னத செய்வாரா, நம்மள மாதிரி ஆளுங்க மேல அக்கறை இருக்கா, பெரும்பாலும் இந்த மூணும் உள்ள ஓடும். மூணும் வேற வேற விதமா உடையும், வேற வேற வேகத்துல ஒட்டும், சிலது ஒட்டவே ஒட்டாது.

பிரிட்டன்ல 1992 செப்டம்பர் 16, அந்த புதன்கிழமை பவுண்டோட மதிப்ப காப்பாத்த முடியாம, ஐரோப்பிய நாடுகள் நாணய மதிப்ப ஒரு வரம்புக்குள்ள வச்சிருந்த ஏற்பாட்டுலருந்து அரசாங்கம் வெளிய வந்துச்சு. அப்ப ஆட்சில இருந்த கன்சர்வேட்டிவ் கட்சின்னா பொருளாதாரம் தெரிஞ்சவங்கங்கற பேரு அன்னிக்கு போச்சு. அப்புறம் பொருளாதாரம் நல்லாவே தேறிச்சு, வேலையில்லாதவங்க எண்ணிக்கை குறைஞ்சுது, ஆனாலும் போன பேரு திரும்பல, 1997ல எதிர்க்கட்சியான லேபரோட தலைவர் டோனி பிளேர் 418 சீட்டோட வந்துட்டாரு. நிலைமை சரியானா பேரும் சரியாயிடும்னு எந்த கட்சியும் நம்பிட்டு உக்காரக்கூடாது.

இன்னொண்ணு, அதே நாட்டுல லிபரல் டெமாக்ரட்ஸ். 2010 எலக்‌ஷனுக்கு முன்னாடி காலேஜ் ஃபீஸ் ஏத்த விடமாட்டோம்னு வேட்பாளர்கள் கையெழுத்தே போட்டு குடுத்தாங்க, கன்சர்வேட்டிவ்ஸோட கூட்டணி ஆட்சில சேந்தாங்க, அதே வருஷம் டிசம்பர்ல ஃபீஸ் உச்சவரம்ப 9,000 பவுண்டுக்கு ஏத்துற ஓட்டெடுப்பு வந்துச்சு, அவங்க எம்பிக்கள்ல ஒரு பகுதியே ஆதரிச்சு ஓட்டு போட்டாங்க. தலைவர் நிக் கிளெக் 2012ல மன்னிப்பும் கேட்டாரு. 57 சீட் வச்சிருந்த கட்சி 2015ல 8 சீட்டுக்கு வந்துச்சு, ஓட்டு 23%லருந்து 8%க்கு கீழ. ஃபீஸ் மட்டுமே காரணம்னு சொல்லல, கன்சர்வேட்டிவ்ஸோட சேந்ததே பல பேருக்கு பிடிக்கல. ஆனா இங்க போனது வேற, இவங்க வார்த்தைய நம்பலாம்ங்கறது. வேலை தெரியலன்னா பழகிக்குவாங்கன்னு சில பேராவது விட்டுக்குடுப்பாங்க, வார்த்தை போச்சுன்னா அடுத்து என்ன சொன்னாலும் காதுல ஏறாது.

அதனால மார்க் வாங்கின கையோட ஒரு திறந்த கேள்வியும் கேளுங்க: "இந்த கட்சி பேர சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன தோணுது?" பதில அவங்க வார்த்தையிலயே எழுதுங்க, உங்க பாஷைக்கு மாத்தாதீங்க. ஆறு மாசம் கழிச்சு அதே கேள்வி. முன்னாடி திட்டத்தோட பேர சொன்னவங்க இப்ப ஒரு அமைச்சரோட பேர சொல்றாங்கன்னா மார்க் நகர்றதுக்கு முன்னாடியே உள்ள ஏதோ நகர்ந்திருக்கலாம், விடாம கவனிங்க.

அதே ஆளுங்கள திரும்ப கேக்க முடிஞ்சா கேளுங்க, இது செலவு, அலைச்சல், ஆனா இதுக்கு ஈடே இல்ல. ஒரு உதாரணத்துக்கு ஆயிரம் பேர்ல 300 பேர் ஒரு கட்சிக்குன்னு வைங்க, அடுத்த சர்வேலயும் 300. ஒண்ணும் மாறலன்னு தோணும். ஆனா உள்ள 60 பேர் போய் வேற 60 பேர் வந்திருக்கலாம், வயசானவங்க விலகி இளசுங்க வந்திருக்கலாம், கட்சியே வேற கட்சியா மாறியிருக்கும், வெளிய நம்பர் அசையாது. பிரிட்டிஷ் எலக்‌ஷன் ஸ்டடி மாதிரி ஆய்வுகள் அதே ஆளுங்கள திரும்ப திரும்ப கேக்கறதே இதுக்காகத்தான். புது ஆளுங்களத்தான் கேக்க முடியும்னா, ஆயிரம் பேர் சர்வேல எப்படியும் 3 பாயின்ட் (சதவீதப் புள்ளி) மேல கீழ போகும்ங்கறத மறக்காதீங்க, ரெண்டு சர்வேய ஒப்பிட்டா அது 4 பாயின்ட்டுக்கும் மேல. 2 பாயின்ட் ஏறிடுச்சுன்னு தலைப்பு போடுறவங்கள நம்பாதீங்க.

திடீர்னு ஏறுறது எல்லாம் நிக்காது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்னாடி அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷுக்கு காலப்ங்கற நிறுவனத்தோட சர்வேல 51% ஆதரவு, ரெண்டு வாரத்துல 90%, 2008ல 25%. அவருக்கு முன்னாடி அதிபரா இருந்த அவங்க அப்பா கதை இன்னும் தெளிவு, வளைகுடா போர் முடிஞ்சப்ப 1991ல 89%, அடுத்த வருஷமே எலக்‌ஷன்ல தோத்துட்டாரு. போர் ஜெயிச்சத மக்கள் மறக்கல, ஆனா அளக்கற கோல் மாறிடுச்சு, போர்ல எப்படின்னு பாத்தவங்க வேலை, வருமானம் என்னாச்சுன்னு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆக தலைவருக்கு எத்தன மார்க்னு கேக்கறப்பவே, இப்ப நாட்டுல பெரிய பிரச்சனை எதுன்னும் கேட்டு வைங்க. அந்த பதில் மாறினா மார்க் அடுத்து மாறலாம்.

கட்சி விசுவாசிங்க பதில தனியா பிரிச்சு பாக்கணும். அமெரிக்காவுல 2016 நவம்பர்ல ட்ரம்ப் ஜெயிச்ச கையோட பொருளாதாரம் மோசம்னு சொல்லிட்டு இருந்த அவரோட ரிபப்ளிகன் கட்சி ஆதரவாளர்கள் நல்லா போகுதுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, எதிர்த்து நின்ன டெமாக்ரட் கட்சி ஆதரவாளர்கள் அப்படியே எதிர்ப்பக்கமா திரும்பினாங்க. ஒரு வாரத்துல பொருளாதாரம் மாறாது. கட்சி கண்ணாடி வழியா பாக்கறவங்க எந்த நாட்டுலயும் உண்டு. அவங்ககிட்டயே மார்க் இறங்கினா மட்டும் உஷாராகுங்க, ஏன்னா அவங்க எதிர்க்கட்சிக்கு போறதுக்கு முன்னாடி சண்டை போடறத நிறுத்துவாங்க, அப்புறம் ஓட்டு போடவே போகமாட்டாங்க. "கண்டிப்பா ஓட்டு போடுவீங்களா"ன்னு ஒரு கேள்வி சேத்தா இது பிடிபடும்.

எதிர்ல யாரு இருக்காங்கங்கறதையும் விடாதீங்க. எமர்ஜென்சிக்கு அப்புறம் 1977ல காங்கிரஸ் 154 சீட்டுக்கு வந்துச்சு, இந்திரா காந்தி ரேபரேலிலயே தோத்தாங்க. 1980 ஜனவரில 353 சீட்டோட திரும்ப வந்தாங்க. நடுவுல ஜனதா ஆட்சில தலைவருங்க ஒருத்தர ஒருத்தர் கவுத்துக்கிட்டாங்க. எமர்ஜென்சிய எல்லாரும் மன்னிச்சுட்டாங்கன்னு இதுலருந்து சொல்ல முடியாது, ஒப்பிட்டு பாத்தாங்கன்னு சொல்லலாம். எதிர்க்கட்சித் தலைவருக்கும் அதே 0–10 மார்க் வாங்கலன்னா இந்த மாதிரி திருப்பம் உங்க கண்ணுல படவே படாது.

"சொல்ல விருப்பமில்ல"ன்னு சொல்றவங்கள தூக்கி போட்டுட்டு மீதிய நூறு சதவீதமா ஆக்காதீங்க, அந்த எண்ணிக்கைய ஒவ்வொரு தடவையும் தனியா எழுதுங்க, அது கூடுதுன்னா ஏதோ ஒரு பக்கத்து ஆளுங்க வாய மூடிக்கிட்டிருக்கலாம். அப்புறம், பதில் எல்லாம் தேதியோட எலக்‌ஷனுக்கு முன்னாடியே கைல இருக்கணும். முடிஞ்சப்புறம் போன தடவ யாருக்கு போட்டீங்கன்னு கேட்டா ஜெயிச்ச கட்சிக்கு போட்டேன்னு சொல்றவங்க உண்மையா போட்டவங்கள விட அதிகமா வர்றது வழக்கம், பொய் சொல்லணும்னு இல்ல, பல பேருக்கு ஞாபகமே அப்படி மாறிடுது.