லோன் ஆப்பில் மாட்டினால் முதலில் என்ன செய்யணும்

மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆப்பில் 5,000 கேட்டேன். கைக்கு வந்தது 3,100, கெடு ஏழே நாள். ஆறாம் நாளே என் போட்டோவை அசிங்கமாக ஒட்டி நாத்தனாருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பயத்தில் பணம் கட்டாதீங்க. நான் இரண்டு தடவை கட்டினேன், மூன்றாவதாகவும் கேட்டான். ஆப்பை உடனே அழிக்கவும் வேண்டாம். மிரட்டல் மெசேஜ், அழைத்த எண்கள், பணம் போன யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அப்புறம் செட்டிங்ஸில் கான்டாக்ட், கேலரி அனுமதியை நிறுத்திவிட்டு அழிங்க. ஏற்கெனவே உருவிய எண்கள் அவனிடம்தான் இருக்கும். அதனால் சொந்தக்காரர்களுக்கு நீங்களே முந்திச் சொல்லிவிடுங்க. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, இதுதான் அவன் வாயையும் அடைத்தது.

பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுங்க, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்க. ஆபாசப் படம் என்றால் சைபர் கிரைம் போலீஸிடம் நேரிலும் போங்க. வெட்கப்பட வேண்டியவன் அவன்.

இன்னொன்று: கடன் ஆப்புகள் கான்டாக்ட் லிஸ்டைத் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. அதைக் கேட்கிற ஆப்பா, அங்கேயே மூடிடுங்க.