தவக்காலத்தில் முழு மரக்கறி உணவு: கொங்கு வீடுகளுக்கு ஒரு வழிமுறை

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, 14 வயது நிறைந்தவர்கள் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கும் சாம்பல் புதனன்றும் தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காக்க வேண்டும்; மீன், முட்டை, பால் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுத்து உண்பவர் சட்டத்தை மீறியவர் அல்லர். எதையேனும் துறந்தவரா என்பது வேறு கேள்வி. தவக்காலம் முழுவதும் மரக்கறிக்கு மாற விரும்புவோர், கோவையில் உள்ள சிரியன் மரபுக் கிறிஸ்தவக் குடும்பங்களிடம் கேட்டறியலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் நான்கையும் ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நாள் நோன்பில் விலக்குவது அவர்களுடைய பழைய வழக்கம்.

சமையலுக்கு முன் காரணத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விதை தரும் பயிரையும் கனியையும் மனிதனுக்கு உணவாகத் தந்த ஆதியாகமம் 1:29-ஐப் பலரும் காட்டுவர். ஆனால் 9:3-இல் நோவாவுக்கு இறைச்சியும் அனுமதிக்கப்படுவதால், அந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்து வாதாட முடியாது. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்னும் உபாகமம் 25:4, களத்தில் கதிரை மிதித்த மாட்டைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு விளக்கமின்றியே புரியும். உயிரினங்களுக்கு வீண் வேதனை தரலாகாது என்பதை யூத மறைநூல் அறிஞர்கள் ஒரு நெறியாகவே வகுத்துள்ளனர். 1921-இல் பாலஸ்தீனத்தின் தலைமை ரபிகளுள் (யூத மதகுருக்களுள்) ஒருவராகப் பொறுப்பேற்ற ஆபிரகாம் ஐசக் கூக், இறைச்சி உண்ணும் அனுமதியைத் தற்காலிகச் சலுகையாகவே கருதினார். எனினும் மரக்கறியை அவர் எவர்மீதும் சுமத்தவில்லை.

உணவுக்கு நம் சமையலறையே போதும். அரிசியும் பருப்பும் ஆக்கும்போது, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் ஆகியவற்றைக் கடலையெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கிவிட்டால், நெய் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. கொள்ளை இரவே ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவைத்துக் கடைந்துகொள்ளுங்கள். வடித்த நீர் ரசத்துக்கு ஆகும். இடியாப்பம் போன்ற சந்தகைக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. உண்மையில் கடினமானது காலைப் பால் காபியை விடுவதுதான். நாட்டுச்சர்க்கரை இட்ட சுக்குக் காபி முதல் வாரத்தைக் கடத்த உதவும். தவக்காலத்துக்குப் பின்னும் இம்முறையைத் தொடர்வோர், பி12 சத்து குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

உறவினர் வீட்டு விருந்துக்குச் செல்ல நேர்ந்தால், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அதற்குள் கறிக்குழம்பு அடுப்பேறியிருந்தால் ரசத்தோடும் பொரியலோடும் உண்டு எழலாம். உண்ணாதவன் உண்பவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்று பவுல் ரோமர் 14:3-இல் எழுதியிருப்பதால், இலைக்கு முன் அமர்ந்து ஆடு கோழிகளின் துயரத்தை விளக்க வேண்டியதில்லை.