பழைய ஸ்பீக்கருக்குப் புது டிரைவர் வாங்கும் முன்
ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றவுடனே டிரைவரை, அதாவது பெட்டியில் சத்தம் எழுப்பும் கூம்பு உள்ள பாகத்தை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறதென்றால், அதை மட்டும் மாற்றி ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கூம்புக்குப் பின்னாலுள்ள கம்பிச்சுருள் (காயில்) போயிருந்தால்தான் புதுசு. வாங்கும்போது 8 அங்குலம் என்று எழுதியிருப்பதை நம்பாமல் பெட்டியின் துளை விட்டத்தையும் திருகு ஓட்டைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள், ஒரே 8 அங்குலத்திலும் ஃபிரேம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அப்புறம் ஓம், அதாவது டிரைவரின் மின்தடை அளவு. மல்டிமீட்டர் 6 காட்டினால் குழம்பவேண்டாம், அது பெரும்பாலும் 8 ஓம் டிரைவர்தான்; அங்கே 4 ஓம் போட்டால் கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் சுற்று) கணக்கே தப்பிவிடும். பொருத்துவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்தால் கூம்பு வெளியே தள்ளவேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப்போனால் இரண்டும் சேர்ந்து பாடும்போது பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமல் போகும்.