ஏசி ஃபில்டரைத் தட்டிப் போட்டால் போதுமா? கோடையில் கார்க்காரர்கள் செய்யும் தவறுகள்

ஏற்காடு அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததுமே பலர் ஏசியை அணைத்துவிட்டு நாலு ஜன்னலையும் இறக்கிவிடுவார்கள். ஏசி ஓடினால் வண்டி இழுக்காது என்பது கணக்கு. முன்னால் ஒரு பஸ் முக்கிக்கொண்டு ஏறும். அது கக்கும் டீசல் புகை நேராக உள்ளே வரும், பின்சீட்டில் குழந்தை இருமும். "மலைக்காத்து, உடம்புக்கு நல்லது" என்று முன்சீட்டிலிருந்து ஒரு குரல் சொல்லும். பல வருடம் அந்தக் குரல் என்னுடையதுதான்.

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. பெங்களூரு, கொச்சி, சென்னை என்று மூன்று பக்க லாரிகளும் நம் ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. மழை இல்லாத கோடை நாட்களில் ரோட்டோரப் புழுதி படியவே படியாது. மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தால் பெயர் பெற்ற மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் போய்வருபவர்களுக்கு அந்த வெள்ளைத் தூசி பழகிப்போன விஷயம். கண்ணுக்குத் தெரியும் தூசியாவது மூக்கோடு நின்றுவிடும். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத பிஎம் 2.5 துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15.

காருக்குள் இதைத் தடுக்க இருப்பது ஏசி ஃபில்டர் என்று நாம் சொல்லும் கேபின் ஃபில்டர் ஒன்றுதான். பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சர்வீஸில் ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு என்றால் இதையும் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஏர் ஃபில்டர் இன்ஜினுக்கு, இது நமக்கு. சில கார்களின் விலை குறைந்த மாடல்களில் ஃபில்டர் வைக்கும் இடம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. முதலில் திறந்து பாருங்கள்.

ஏசியில் காற்று குறைந்தால் உடனே கேஸ் அடிக்க ஓடுவது அடுத்த தவறு. காற்று ஜில்லென்று வருகிறது, ஆனால் வேகம் இல்லை என்றால் அநேகமாக ஃபில்டர்தான் அடைத்திருக்கும். போன ஏப்ரலில் எனக்கு ஒரு இடத்தில் கேஸ் அடித்து அனுப்பினார்கள். வீட்டில் வந்து திறந்தால் ஃபில்டர் முழுக்க வேப்பம்பூ, ஓரத்தில் எலி கொறித்த தடம்.

திறந்தவர்கள் அடுத்து செய்வது, அதைத் தரையில் தட்டிவிட்டோ கம்ப்ரஸர் காற்றடித்தோ குழாயில் அலசியோ மறுபடி சொருகுவது. எனக்கும் இதில் கொஞ்சம் வருத்தம்தான், பார்க்க நன்றாக வெளுத்துவிடுகிறதே! ஆனால் பல ஃபில்டர்களின் இழைகளில் லேசான நிலைமின்சாரம் ஏற்றப்பட்டிருக்கும். இழைகளுக்கு நடுவே நழுவிப் போகும் நுண்துகளை இழுத்துப் பிடிப்பது அதுதான். தண்ணீரில் அலசினால் அந்த மின்சாரம் குறைந்துவிடலாம், காற்றடித்தால் இழை கிழியலாம். அப்புறம் அது பெரிய தூசியை மட்டும் நிறுத்தும் ஒரு சல்லடை. நனைந்தது சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை வாடை வேறு.

கோடைக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. வாகனப் புகையில் சுள்ளென்ற வெயில் பட்டால் மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் உண்டாகிறது. மதியம் தாண்டிய பொழுதில்தான் அது அதிகம். அது வாயு, அதனால் சாதா வெள்ளை ஃபில்டரால் நிறுத்த முடியாது. கரி ஏற்றிய ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர் ஓரளவு மட்டுப்படுத்தும், புகை நாற்றத்தையும் குறைக்கும். ஆனால் கரியின் சக்தி தீர்ந்தாலும் நிறம் மாறாது, கறுப்பாகவேதான் இருக்கும். பார்த்து முடிவு செய்ய வழியில்லை. 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இல்லையென்றால் வருடம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும். புழுதி ரோட்டில் தினமும் ஓடும் வண்டி என்றால் அதற்கும் முன்பே. இன்னொன்று, கார்பன் மோனாக்சைடை எந்த ஃபில்டரும் பிடிக்காது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

மாட்டும்போது ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறியைப் பாருங்கள், காற்று போகும் திசை அது. அளவு சரியில்லாத மலிவு ஃபில்டரில் ஓரம் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

சரி, நல்ல ஃபில்டர் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது ரீசர்குலேஷன் பட்டன், அதாவது ஒரு கார் படத்துக்குள் வளைந்த அம்பு போட்டிருக்குமே, அது. அதை அமுக்கினால் வெளிக்காற்று நின்று, உள்ளிருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். பெரும்பாலான கார்களில் அப்போதும் ஃபில்டர் வழியாகத்தான் சுற்றும் என்பதால் தூசி வேகமாகக் குறையும். அதற்காக நாள் முழுக்க அமுக்கி வைக்கக்கூடாது. நாலு பேர் உட்கார்ந்தால், வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும் கரியமில வாயு உள்ளே கால் மணி, இருபது நிமிடத்தில் 2,000-ஐத் தாண்டிவிடும். தலை கனக்கும், டிரைவருக்குக் கொட்டாவி வரும்.

ஐந்து ரோடு சிக்னலிலும், லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் அமுக்குங்கள். ரோடு காலியானதும் எடுத்துவிடுங்கள். மலையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஏறும்போதும் அதே கதைதான், ஜன்னலை ஏற்றி ஏசியைக் குறைவாக ஓடவிட்டால் போதும், இன்றைய வண்டிகள் இழுக்கும். மேலே கோடை மழை பிடித்துக் கண்ணாடியில் ஆவி படிந்தால் முதலில் அந்தப் பட்டனை எடுங்கள், உள்ளே சுற்றும் ஈரம்தான் காரணம். 20 வளைவும் முடிந்து, முன்னே பின்னே வண்டி இல்லாத இடத்தில் ஜன்னலை இறக்கிக்கொள்ளலாம். அது நிஜமாகவே மலைக்காற்று.