முழு மீனா, துண்டு மீனா?

கடல் மீனில் பாதரசம் இருக்குமோ என்ற பயம் இருந்தால், சட்டியில் முழுசாக அடங்குகிற மத்தி, நெத்திலி, காரப்பொடி, அயிலை என்று வாங்குங்கள். வெட்டித் துண்டாக விற்கும் சுறா, மயில் மீன், பெரிய வஞ்சிரம் எல்லாம் எப்போதாவது போதும். பணமும் மிச்சம்.

சின்ன மீன் மிதவை உயிரிகளைத் தின்று கொஞ்ச காலமே வாழ்கிறது, சுறாவோ பல வருடம் மற்ற மீன்களைத் தின்று அவற்றிலிருந்த பாதரசத்தையும் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டே போகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் மத்தியின் சராசரி 0.013 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு பாதரசம் என்ற கணக்கு), சுறாவுக்கு 0.979. பாதரசம் தசையிலேயே ஒட்டிக்கொள்வதால் தோலை உரித்தாலும், மஞ்சள் உப்புப் போட்டு நாலு தண்ணீர் அலசினாலும், மொறுமொறுவென்று பொரித்தாலும் போகாது, கருவாடாக்கினாலும் அப்படித்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா புட்டு செய்து கொடுக்கிற வீட்டில் இதைச் சொன்னால் சண்டைதான் வரும், ஆனாலும் கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், குழந்தைகள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் அந்த நிர்வாகம் சொல்கிறது.

சால்மனுக்கு இந்தக் கணக்கு சரிவராது. துண்டாகத்தான் கிடைக்கும், ஆனால் பாதரசம் குறைவு. ஆலைக் கழிவு கலக்கிற முகத்துவாரத்தில் பிடித்தது என்றால் சின்ன மீனையும் நம்ப வேண்டாம். அப்புறம், யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் வேறு வகையில் ஆகாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.